பிரான்ஸுக்குக் குடிபோகிறீர்களா? சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோகலாமா, அங்கேயே வாங்கலாமா?

வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து பிரான்ஸுக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று கேட்டால் வீட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வடகம், மிளகாய்த்தூள், ஊறுகாய், சட்டி, அப்பளம். 23 கிலோ எப்போது நிரம்பியது என்றே தெரியாது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'என் சைக்கிளையும் எடுத்துட்டுப் போகலாமா?' என்று கேட்டால் வீடே சிரிக்கும்.

ஆனால் இது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை. கியர் சைக்கிளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் போட்டவர்கள் இங்கே நிறைய பேர். ஊசுட்டேரி, பாகூர் ஏரிக்கரை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஞாயிறுதோறும் ஓட்டிப் பழகிய சைக்கிளை விட்டுவிட்டுப் போக மனம் வராது. அங்கே போனபிறகும் சைக்கிள் வெறும் பொழுதுபோக்காக இருக்காது. அதிகாலை ஷிப்ட், ரயில் ஓடாத நேரம், பஸ் நிற்காத புறநகர்த் தெரு என்று வந்தால் வேலைக்குப் போக அதுதான் வழி. தப்பாக முடிவெடுத்தால் கையிலிருக்கும் யூரோவும் போகும், சில நேரம் சட்டச் சிக்கலும் வரும்.

சுருக்கமான பதில் முதலில்: சாதாரண சைக்கிள் என்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். விலை உயர்ந்த, உங்கள் உடலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்திய சைக்கிள் என்றால் கொண்டுபோவதில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

ஏன் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி?

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில்தான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதிலிருந்து ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது.

அன்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், சொல்தா குடும்பங்களும், அவர்கள் வீட்டில் கல்யாணம் செய்து போனவர்களும் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். இப்போது அவர்களோடு மாணவர்களும் ஐ.டி. வேலைக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஆக நம் ஊரிலிருந்து பிரான்ஸ் போவது சுற்றுலா இல்லை, குடிபோவது. சுங்க விதியில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

விமானத்தில் ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். ஆனால் சாதாரணப் பெட்டியாக இல்லை. எகானமி டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பதுதான் பல விமான நிறுவனங்களின் வழக்கம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தால் சுமார் 140, 80, 20 செ.மீ. வரும். கூட்டினால் 240. அதனால் அது 'விளையாட்டுச் சாமான்' அல்லது 'பெரிய அளவு லக்கேஜ்' கணக்கில் போகும்.

இங்கே மூன்று விஷயங்களை டிக்கெட் போடும் முன்பே பார்க்க வேண்டும்.

ஒன்று, கட்டணம். சில நிறுவனங்கள் சைக்கிளை உங்கள் இலவச லக்கேஜில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். சில தனிக் கட்டணம் வாங்கும். நடுவில் விமானம் மாறினால் இரண்டு நிறுவனங்களின் விதியையும் பார்க்க வேண்டும்.

இரண்டு, முன்பதிவு. சைக்கிள் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்னை விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு 'அண்ணே, கொஞ்சம் பார்த்து ஏத்துங்க' என்று சொல்லிப் பயனில்லை. இடம் இல்லையென்றால் பெட்டி திரும்பி 150 கி.மீ. ஊருக்கு வர வேண்டியதுதான்.

மூன்று, எடை. நம் ஊரில் அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டோடு 20 கிலோவைத் தொடும். அதைப் பெட்டியில் வைத்தால் வடகத்துக்கு இடமில்லை. கியர் சைக்கிள் பெரும்பாலும் 13 முதல் 16 கிலோ.

பேட்டரி சைக்கிள் என்றால்?

அதை மறந்துவிடுங்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு வாட்-அவர் கணக்கு உண்டு. 100 வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பெருக்கிப் பாருங்கள், 360 வாட்-அவர். எந்தப் பெட்டியில் ஒளித்தாலும் ஸ்கேனரில் தெரியும். பேட்டரி இல்லாமல் சட்டத்தை மட்டும் கொண்டுபோனால், அதே மாடல் பேட்டரி அங்கே கிடைக்காமல் சைக்கிள் சும்மா நிற்கும்.

பேக்கிங்: ஊர் சைக்கிள் கடையிலேயே முடியும்

புது சைக்கிள் வந்திறங்கும் அட்டைப்பெட்டி கடையில் சும்மா கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். பெடல் இரண்டையும் கழற்றுங்கள். இடதுபக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கமாகக் கழற்றுகிற மாதிரி திருகினால் இன்னும் இறுகும், கடிகார முள் சுற்றும் திசையில் திருக வேண்டும். ஹேண்டில்பாரைக் கழற்றி சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். முன்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஃபோர்க் நசுங்காமல் நடுவில் ஒரு கட்டை வையுங்கள். சீட்டை முழுக்க இறக்குங்கள். பின்சக்கரத்தின் கியர் மாற்றிக்குப் பழைய துணியைச் சுற்றுங்கள். டயரில் காற்றைக் குறைத்துவிடுங்கள், பல நிறுவனங்கள் அதைக் கேட்கும். ஸ்பேனரைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

இதையெல்லாம் கடைக்காரரே அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டப்போவது நீங்கள்தான்.

சுங்கத்தில் வரி கட்ட வேண்டுமா?

சாதாரண சைக்கிளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வரும் பெரியவர் ஒருவர் 430 யூரோ மதிப்பு வரை சொந்தப் பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம். கணக்குக்காக ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்பத்து மூவாயிரம். ஓட்டிப் பழசான பன்னிரண்டாயிரம் ரூபாய் சைக்கிள் இதற்குள் சுலபமாக அடங்கும்.

ஒரே பொருள் 430 யூரோவைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று இல்லை, முழு மதிப்புக்கும் வரி. சைக்கிளுக்கு ஐரோப்பிய இறக்குமதி வரி 14%. அதன்மேல் பிரான்ஸின் மதிப்புக் கூட்டு வரி 20%. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளை வைத்திருப்பவர் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

அவருக்கும் வழி இருக்கிறது. குடிபெயர்கிறவர் தன் வீட்டுச் சாமான்களை வரியில்லாமல் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டத்தில் சைக்கிள் என்ற சொல்லே இருக்கிறது. நிபந்தனைகள் இவை:

• ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதமாவது வசித்திருக்க வேண்டும்.
• சைக்கிள் குறைந்தது 6 மாதம் உங்களிடம் இருந்து, நீங்கள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும்.
• அங்கே குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும்.
• கொண்டுவந்தபின் 12 மாதம் விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது.

இரண்டாவது நிபந்தனையை மறுபடி படியுங்கள். 'இந்தியாவுல விலை கம்மி, புதுசா ஒண்ணு வாங்கிப் பேக் பண்ணிடலாம்' என்ற யோசனை இங்கேதான் உடைகிறது. சைக்கிள் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், வீட்டுச் சாமான் பட்டியலில் சைக்கிளையும் எழுதுங்கள்.

சில வருடத்தில் திரும்பி வருவேன் என்பவர்கள் இன்னொரு வேலையையும் செய்யலாம். விலை உயர்ந்த பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும்போது நம் விமான நிலையச் சுங்கத்தில் 'எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்' வாங்கிக்கொள்ளலாம். திரும்பக் கொண்டுவரும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியது' என்று யாரும் வரி கேட்க முடியாது.

அங்கே போனபின் பஞ்சர் ஆனால்?

பலர் யோசிக்காத விஷயம் இது. நம் ஊரில் பஞ்சர் கடை தெருமுனையில். அங்கே கடையைத் தேடிப் போக வேண்டும், கூலியும் கண்ணைக் கட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் உதிரிபாகம்.

நம் கறுப்பு சைக்கிளின் 28 x 1½ டயர், 635 மி.மீ. ரிம் அளவு. பிரான்ஸ் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் 700சி, அதாவது 622 மி.மீ. இரண்டையும் பேச்சுவழக்கில் '28 இன்ச்' என்பார்கள், ஆனால் ஒன்று இன்னொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 40-635, 37-622 என்று பொறித்திருக்கும். கடைசி மூன்று இலக்கம்தான் உண்மையான அளவு. கிளம்பும் முன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 622 என்று இருந்தால் கவலையில்லை. 635 என்றால் நெதர்லாந்தில் கிடைக்கும், பாரிஸில் அலைய வேண்டும்.

வால்டியூப் போட்ட நம் ஊர் வால்வு அங்கே அவ்வளவு வழக்கமில்லை. மெல்லிய 'பிரெஞ்சு வால்வு', அல்லது கார், பைக்கில் இருக்கும் தடித்த வால்வுதான் அங்கே வழக்கம்.

அங்கேயே வாங்குவது என்றால்?

அங்கே இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: 'டேய் தம்பி, சைக்கிளைத் தூக்கிட்டு வராத. அந்த இடத்துல ஆயாகிட்ட சொல்லி கொஞ்சம் வடகம் வாங்கிட்டு வா. சைக்கிள் இங்க பார்த்துக்கலாம்.' மாமா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

பிரான்ஸில் பிறந்த டெகாத்லான் போன்ற கடையில் நகரத்தில் ஓட்ட ஏற்ற புது சைக்கிள் 200 யூரோவை ஒட்டித் தொடங்கும். பழைய சைக்கிள் அதில் பாதிக்கும் கிடைக்கும். நாமே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் கூட்டுப் பட்டறைகள் பல ஊர்களில் உண்டு. சிறிய சந்தா கட்டினால் கருவிகளையும் இடத்தையும் தருவார்கள், பழுதுபார்த்த பழைய சைக்கிளைக் குறைந்த விலைக்கு விற்பார்கள். புதிதாகப் போனவர்களுக்கு மொழி பழகவும் நாலு பேரைத் தெரிந்துகொள்ளவும் நல்ல இடம்.

உடனே வாங்கக்கூட வேண்டாம். பாரிஸில் 2007 முதல் வெலிப் என்ற பொது சைக்கிள் வாடகை ஓடுகிறது. சாதாரண சைக்கிளும் உண்டு, பேட்டரி சைக்கிளும் உண்டு. பாரிஸையும் சுற்றியுள்ள பல ஊர்களையும் அது எட்டும். ஆனால் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் வடக்குப் புறநகர் முழுவதும் அது எட்டாது. உங்கள் முகவரிக்கு அருகில் நிலையம் இருக்கிறதா என்று ஆப்பில் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.

ரயிலோடு சேர்த்து ஓட்டப்போகிறீர்களா? பாரிஸ் மெட்ரோவில் பொதுவாகச் சைக்கிளுக்கு இடமில்லை. புறநகர் ரயிலான ஆர்.இ.ஆரில் வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4.30 முதல் 7.30 வரையும் ஏற்ற முடியாது. மடக்கி வைக்கும் சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

இங்கேதான் உண்மையான ஆபத்து. தெருவில் யாரோ ஒருவர் நல்ல சைக்கிளை 40 யூரோவுக்குத் தருகிறார் என்றால் அது திருட்டுச் சைக்கிளாக இருக்க வாய்ப்பு அதிகம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது பிரான்ஸில் தனிக் குற்றம். உச்சபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறை, 3,75,000 யூரோ அபராதம். ஒரு சைக்கிளுக்காக யாரையும் அவ்வளவு தூரம் கொண்டுபோக மாட்டார்கள் என்றாலும், குடியிருப்பு அட்டைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு போலீஸ் வழக்கே போதும்.

தப்பிக்க எளிய வழி உண்டு. 2021 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் கடைக்காரர் விற்கும் ஒவ்வொரு புது சைக்கிளுக்கும் அடையாள எண் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் கடையில் விற்கும் பழைய சைக்கிளுக்கும் கட்டாயம். சட்டத்தில் அந்த எண் பதிந்திருக்கும், அரசின் தேசியப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரோடு சேரும். தனி ஆளிடம் வாங்கினால் அந்த எண்ணை ஆன்லைனில் போட்டு, திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி நடங்கள். வாங்கினால் விற்பவரின் பெயர், தேதி, தொகையோடு ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோன சைக்கிளுக்கு இந்த எண் கட்டாயம் இல்லை. ஆனாலும் பணம் கட்டிப் போட்டுக்கொள்வது நல்லது. திருடுபோனால் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேறு என்ன இருக்கிறது?

பூட்டும் முக்கியம். பின்சக்கரத்தில் சாவி போட்டு விட்டுவிட்டுப் போகிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, தரையில் ஊன்றிய கம்பியோடு 'யு' வடிவப் பூட்டால் பூட்ட வேண்டும்.

ஓட்டும்போது எது மாறும்?

முதலில் பக்கம். நாம் இடது, அவர்கள் வலது. நேர்ச் சாலையில் ஒரு நாளில் பழகிவிடும். ஆளில்லாத காலையில், வளைவு திரும்பியதும், கை தானாக இடதுபக்கம் போகும். புதிதாகப் போனவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

அடுத்தது 'வலதுக்கு முன்னுரிமை'. பலகையும் சிக்னலும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலதுபக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நீங்கள் பெரிய தெருவில் போனாலும் சரி. நம் ஊரில் ஹாரன் அடித்தவருக்கு வழி, அங்கே அப்படி இல்லை.

பிரேக்கையும் கவனியுங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். புது சைக்கிளில் ஏறும் முன் மெதுவாக உருட்டி அழுத்திப் பாருங்கள்.

பிறகு இருட்டு. டிசம்பரில் பாரிஸில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் உதித்து, மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர், மணி, இரண்டு பிரேக் எல்லாம் சட்டப்படி வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டையும் கட்டாயம். ஹெல்மெட் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2017 முதல் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை, ஆனால் தலை ஒன்றுதான். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தாலோ, காதில் இயர்போன் மாட்டினாலோ 135 யூரோ அபராதம்.

வேறு நாடு என்றால்?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் சைக்கிள் டயரில் ஒட்டிய மண்ணைப் பொடி இல்லாமல் கழுவ வேண்டும். அங்கே உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமை. பாகூர் வயல்வரப்புச் சேறு மட்கார்டுக்கு அடியில் காய்ந்து கிடந்தால் தடுத்து நிறுத்துவார்கள். மண் பட்ட சைக்கிள் இருக்கிறது என்று படிவத்தில் தாமாகவே எழுதிவிடுவது நல்லது. இரண்டு நாட்டிலும் பெரியவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நெதர்லாந்தில் மாதச் சந்தாவுக்குச் சைக்கிள் தந்து, கெட்டுப்போனால் அவர்களே சரிசெய்யும் ஸ்வாப்ஃபீட்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கு அது வசதி. பிரிட்டனில் நம் ஊர் மாதிரியே இடதுபக்கம்தான்.

ஆக, யார் கொண்டுபோகலாம்?

சைக்கிளின் இன்றைய மதிப்பு அங்கே வாங்கும் சைக்கிளின் விலையைவிடத் தெளிவாக அதிகம், ரிம் அளவு 622, எடை 15 கிலோவுக்குள், ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டியது, கையில் பில் இருக்கிறது. இந்த ஐந்தும் பொருந்தினால் கொண்டுபோங்கள். உயரம் ரொம்பக் குறைவு அல்லது அதிகம் என்பதால் தேடித்தேடி வாங்கிய சைக்கிள் என்றாலும் அப்படியே.

மற்றவர்கள் முதல் மாதம் நடந்தும் பஸ்ஸிலும் போய்த் தெருவைப் பழகுங்கள். வீட்டில் சைக்கிள் வைக்க இடம் இருக்கிறதா, நாலாவது மாடிக்குத் தூக்க வேண்டுமா என்று பாருங்கள். பிறகு வாங்குங்கள். ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பூட்டுக்கும் விளக்குக்கும் வையுங்கள். சில ஊராட்சிகள் சைக்கிள் வாங்க மானியம் தருகின்றன, சில முதலாளிகள் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் படி தருகிறார்கள். வாங்கும் முன் இரண்டு இடத்திலும் கேட்டுவிடுங்கள். வாங்கியபின் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

இங்கே விட்டுப்போகும் சைக்கிளைத் திண்ணை ஓரத்தில் துருப்பிடிக்க விடாதீர்கள். தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்தால் அது தினமும் பள்ளிக்கூடம் போய்வரும்.